குளத்தின் நலம்

உழவனுக்கு வயல் எப்படியோ, மீன் வளர்ப்போனுக்குக் குளம் அப்படி. பல மாதம் பாடுபட்டு வளர்த்த கெண்டைகள் ஒருநாள் வைகறையில் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து நிற்கக் கண்டால் அவன் நெஞ்சம் பதறும். சில நாளில் அவற்றின் வயிற்றிலும் துடுப்பின் அடியிலும் செந்நிறப் புள்ளிகள் தோன்றிப் புண்ணாகும். சில மீன்களுக்கு வயிற்றில் நீர் கோத்து உடல் வீங்கும். செதில்கள் சிலிர்த்து நிற்கும். பின்னர் மீன்கள் ஒன்றிரண்டாய்ச் செத்து மிதக்கும்.

இந்நோயை விளைப்பது ஏரோமோனாஸ் என்னும் நுண்கிருமி. அஃது எங்கிருந்து வந்தது என்று வளர்ப்போன் திகைப்பான். அது புதிதாக வந்ததன்று; நன்னீர் நிலைகளில் இயல்பாகவே வாழ்வது; நலமுள்ள மீனின் குடலிலும் இருப்பது. மீனின் உடலைப் போர்த்திருக்கும் வழவழப்பான படலம் கவசம்போல நின்று அதனைத் தடுக்கிறது. அக்கவசம் தளர்ந்தால் கிருமி உட்புகுகிறது.

கவசத்தைத் தளர்த்துவது யார்? பெரும்பாலும் வளர்ப்போனே. 1957ஆம் ஆண்டில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், மூளையடிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். ஆற்றையே நம்பியிராமல் குஞ்சு பெறும் வழி அதனால் பிறந்தது. குஞ்சு பெருகவே ஆசையும் பெருகிற்று. குளம் தாங்கும் அளவுக்கு மேல் மீன்களை விடுவோரும், அவை உண்ணும் அளவுக்கு மேல் தீனி இடுவோரும் உளர். எஞ்சிய தீனி அடியில் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கிறது. இரவில் நீர்ப்பாசியும் அவ்வாயுவைத் தருவதில்லை, தானும் உட்கொள்கிறது. ஆதலால் வைகறையில் அது மிகவும் குன்றுகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் இருத்தல் நலம். அது மிகக் குறைந்தால் மீன் சோர்கிறது. வலை உராய்ந்த சிறு காயமும் அப்போது கிருமிக்கு வாயிலாகிறது.

நோய் கண்டதும் கிருமிக்கொல்லி மருந்துகளைக் கண்டபடி கொட்டுவது பெருந்தவறு. அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பிழைத்துப் பெருகும்; அவ்வாற்றலைப் பிற கிருமிகளுக்கும் வழங்கும். மனிதன் நோயுற்ற காலத்தில் அவனைக் காக்க வேண்டிய மருந்தும் பயனற்றுப் போகலாம். எனவே, வல்லுநர் சோதித்துக் கூறும் மருந்தையே, கூறிய அளவில் இடுதல் வேண்டும்.

அளவோடு குஞ்சு விடுதல், அளவோடு தீனி இடுதல், வேண்டிய அளவு சுண்ணாம்பு இடுதல், இறந்த மீனை உடனே அகற்றிப் புதைத்தல் ஆகியவை எளிய செயல்களே. ஆயினும், நோய் வந்தபின் தேடும் மருந்தினும் இவை சிறந்தவை. நீரைப் பேணுபவன் மீனைப் பேணுகிறான்.