சந்தா கட்டும் உலகமா, கட்டாத உலகமா?

இணையத்தில் பல பேர் கூடி விளையாடுவது என்றதும் சிலருக்குச் சீட்டாட்டமும் செஸ்ஸும் நினைவுக்கு வரலாம். இது வேறு வகை. ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதற்குப் பெயர் வைத்து, ஒரு கற்பனை உலகத்தில் இறக்கிவிட வேண்டும். அதே உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் திரிந்துகொண்டிருப்பார்கள். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனும் 1999-ல் வந்த எவர்குவெஸ்ட்டும் இந்த வகையைப் பிரபலமாக்கின. எவர்குவெஸ்ட்டை விட முடியாமல் தவித்தவர்கள் ஒரு போதைப்பொருளின் பெயரைச் சேர்த்து அதை 'எவர்கிராக்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்!

ஒரு சினிமா பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொன்று பார்க்கலாம். இங்கே அது நடக்காது. ஒரு கதாபாத்திரத்தை வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் எந்த உலகம் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

2005-ம் வருடம் அமெரிக்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனுக்கு இந்தப் பிரச்சனை வந்தது. பள்ளித் தோழர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். இவனுக்கு நூலகத்தில் பகுதிநேர வேலை. கையில் இருந்த காசுக்கு ஒரு ஆட்டம் வாங்கலாம். கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்று பிளிசார்டு நிறுவனத்தின் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், 2004 நவம்பர் 23-ல் வெளிவந்தது. மற்றது அரீனாநெட்டின் கில்டு வார்ஸ், 2005 ஏப்ரல் 28-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அரீனாநெட்டை 2000-ல் தொடங்கிய மூன்று பேரும் பிளிசார்டிலிருந்து வெளியே வந்தவர்கள்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், தனிக்குடித்தனம்!

பெட்டியின் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஐம்பது டாலர்தான். ஆனால் வார்கிராஃப்ட்டுக்கு முதல் மாதம் முடிந்ததும் மாதம் 14.99 டாலர் சந்தா கட்ட வேண்டும். வருடத்துக்கு 180 டாலர். கில்டு வார்ஸுக்குச் சந்தாவே கிடையாது. கணக்கு தெரிந்த எவனும் எதை வாங்குவான் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் அவன் வார்கிராஃப்ட்டைத்தான் வாங்கினான். காரணம் ரொம்பச் சாதாரணமானது. தோழர்கள் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள்.

உண்மையில் அவனுக்குப் பிடித்தது கில்டு வார்ஸ்தான். பக்கத்து அறை மாணவன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறான். அதில் 20 லெவலோடு வளர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு யார் அதிக நேரம் உட்கார்ந்தார்கள் என்பது முக்கியமில்லை. நூற்றுக்கணக்கான திறமைகளில் எட்டே எட்டை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். எந்த எட்டு என்பதில்தான் புத்திசாலித்தனம். விலை உயர்ந்த கவசம் பார்க்க அழகாக இருக்குமே தவிர, சாதாரணக் கவசத்தைவிட அதிகம் காப்பாற்றாது. ஒரு குறை உண்டு. ஊருக்குள் கூட்டம் இருக்கும், ஆனால் ஊரைத் தாண்டினால் உங்கள் குழுவைத் தவிர மனித வாடையே இருக்காது. வழியில் ஒரு அந்நியனைச் சந்திக்கும் வாய்ப்பு இல்லை.

வார்கிராஃப்ட்டில் அப்படி இல்லை. காட்டு வழியில் யாரோ ஒருவர் ஓடி வருவார், நீங்கள் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்து மருந்து மந்திரம் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அந்த உலகம் இவ்வளவு பேரை இழுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. 2010-ல் சந்தாதாரர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்தைத் தொட்டார்கள்.

இன்னொரு சாமர்த்தியமும் இருக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், அதிக நேரம் ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி குறையும்படி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வந்தது. உடனே அதையே திருப்பிப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஆட்டத்தை மூடிவிட்டு ஓய்வெடுத்து வந்தால் இரட்டைப் புள்ளி! கணக்கு கிட்டத்தட்ட அதேதான். தண்டனை பரிசாகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். மனித மனம் அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் அவனுக்கு ஆனந்தம். இரவு எட்டு மணிக்கு நான்கு பேரும் சேர்ந்து சுற்றுவார்கள். பாதி நேரம் சண்டையே கிடையாது. ஒரு மலைமேல் உட்கார்ந்து கல்லூரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியில் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்திருக்கும்.

60-வது லெவல் வந்ததும் எல்லாம் மாறியது. அப்போது அதுதான் உச்சி. அதற்குமேல் நல்ல ஆயுதம் வேண்டுமென்றால் மோல்டன் கோர் போன்ற குகைகளுக்குப் போக வேண்டும். அதற்கு 40 பேர் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, குகை புதிதாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து! இவன் பூசாரி வேடம், காயம் ஆற்றுபவன். பூசாரி வராவிட்டால் எல்லோரும் சாவார்கள். சந்தா கட்டிய மாதத்தில் ஆடாமல் இருந்தால் காசு வீணாகிறதே என்ற உறுத்தல் ஒரு பக்கம், 39 பேர் காத்திருக்கிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டாவதுதான் பெரிது.

இடைத்தேர்வுக்கு முந்தின இரவும் போனான். பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. கிடைத்த ஒரே நல்ல அங்கி இன்னொரு பூசாரிக்குப் போனது. தேர்வு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரமே சந்தாவை நிறுத்தினான். தோழர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமலே நிறுத்தினான். அதுதான் அவன் செய்த தவறு.

கோடை விடுமுறையில் கில்டு வார்ஸ் வாங்கினான். ஆரம்பத்தில் அஸ்கலான் என்ற பச்சைப்பசேல் நாடு வரும். கொஞ்ச நேரத்தில் எதிரிகள் வானத்திலிருந்து நெருப்பை இறக்கி அதை எரித்துவிடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதாபாத்திரம் பழைய நாட்டுக்குத் திரும்ப முடியாது. அதனாலேயே சிலர் நெருப்பு விழும் கட்டத்துக்குப் போகாமல், அந்தப் பச்சை நாட்டிலேயே 20 லெவல் வரை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்! பொறுமைசாலிகள். இவன் இரண்டு வாரம் ஆடுவான், மூன்று மாதம் மறந்துவிடுவான். திரும்பி வந்தால் கதாபாத்திரம் விட்ட இடத்திலேயே நிற்கும். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்க அங்கே யாரும் இல்லை என்பதும் உண்மை.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். கதையில் நாட்டை எரித்த கில்டு வார்ஸின் பழைய உலகம் இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சந்தா வாங்கிய வார்கிராஃப்ட்தான் 2010 டிசம்பரில், கேட்டக்ளிசம் தொகுப்போடு, தன் பழைய நிலங்களைப் பிளந்து மாற்றியமைத்தது. நான்கு பேரும் உட்கார்ந்திருந்த நாட்களின் உலகத்தைப் பார்க்கவே வழியில்லாமல் போயிற்று. அந்த ஏக்கம் நிறையப் பேருக்கு இருந்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் பழைய உலகத்தை அதே வடிவில் 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தார்கள். சந்தா அதே 14.99 டாலர்.

அந்த வாரம் அவன் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பதினான்கு வருடமாகப் பேசாத தோழன். "பூசாரி இல்லாமல் நிற்கிறோம், வர்றியா?" என்று ஒரே வரி. அவனுக்கு இப்போது வேலை, மனைவி, இரண்டு வயதுப் பெண். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிடும். "செவ்வாய் மட்டும் முடியாது" என்று பதில் அனுப்பிவிட்டு, சந்தா கட்ட அட்டையைத் தேடினான்.