வாப்பாட நீலப் போட்

லீவுக்கு எங்க போனீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஊரிலதான்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். உண்மையில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு பூவரச மரத்துக்குக் கீழே பத்து நாள் போட் தேய்த்துக்கொண்டிருந்தோம். காக்கா, தம்பி, நடுவிலுள்ளவர். நடுவிலுள்ளவர்தான் வாத்தியார் என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போட் வாப்பாவுடையது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது வாப்பாவின் மரத்தோணி, வலை, இஞ்சின், எங்கள் வீட்டின் முன்பாதி எல்லாம் போய்விட்டன. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அடுத்த வருஷம் நிவாரணமாகக் கிடைத்தது இந்த 18 அடி பைபர் போட். கொண்டுவந்து இறக்கிய அன்று அதன் பக்கத்தில் முகம் தெரிந்தது. உம்மா அந்த நீலத்தில் பார்த்துத்தான் முக்காட்டைச் சரிசெய்தா.

இப்போது வாப்பாவுக்கு முழங்கால் ஏலாது. கடலுக்குப் போவது நின்று இரண்டு வருஷம். போட்டை விற்றுக் கூரையை மாற்றுவோம் என்று முடிவெடுத்தோம். பார்க்க வந்த எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். விரலால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை எங்களிடம் நீட்டிக் காட்டினார்கள். விரல் முழுக்க வெளிறிய மா. ஒரு பாடவேளை முழுக்கக் கரும்பலகையில் எழுதிய கை மாதிரி. பிறகு விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு தரகர் வழி சொன்னார். "தேங்காயெண்ணெய பூசுங்க தம்பி, மூணு நாளைக்கு மினுங்கும். அதுக்குள்ள வித்துப்போடலாம்." பூசிப் பார்த்தோம், பொய் சொல்லக்கூடாது. மினுங்கியதுதான். நாலாம் நாள் எண்ணெயில் மணலும் தூசும் ஒட்டி, பொரித்த மீன் மாதிரிக் கிடந்தது.

எண்ணெய் ஏன் மினுக்குகிறது என்று யோசித்தால் நோய் பிடிபடும். பைபர் போட்டின் வெளித்தோல் ஜெல்கோட். நிறம் கலந்த பொலியெஸ்டர் ரெசின்தான் அது. வெயிலின் புற ஊதாக்கதிர் மேற்பரப்பிலுள்ள ரெசினை உடைக்க, நிறத்தூள் பிடியில்லாமல் மாவாக உதிர்கிறது. மேலே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன. வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் வெளிறித் தெரிகிறது. நனைந்த போட் பழைய நிறத்தில் தெரிவதும், எண்ணெய் பூசினது மினுங்குவதும் பள்ளம் நிரம்புவதால்தான். நிரப்பினால் போதாது, பள்ளம் விழுந்த படையையே எடுக்கவேண்டும். அடியில் நல்ல நீலம் இருக்கிறது.

சொல்ல லேசு. முதலில் எண்ணெயைப் போக்கவே சவர்க்காரத் தூளும் ஒரு நாளும் போனது. ஆணிகளுக்குக் கீழே வடிந்திருந்த துருக்கறைக்கு உம்மா தேசிக்காய் பாதியை வைத்துத் தேய்த்தா. பெருமளவு போய்விட்டது. பிறகு வாட்டர் பேப்பர். தம்பி 2000இல் தொடங்கினான். அரை நாள் தேய்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. 800க்கு இறங்கி, அங்கிருந்து 1000, 1500, 2000 என்று ஏறினோம். ஒன்றை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். அப்போதுதான் முந்தின கீறல் மீதியிருந்தால் தெரியும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாள் அடைத்துப்போகும், தூசும் நெஞ்சுக்குப் போகும்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஜெல்கோட்டின் தடிப்பு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான். விளிம்புகளில் இன்னும் குறைவு. அணியத்து விளிம்பில் எங்களில் ஒருவர் (வாத்தியார்தான்) கதை சொல்லிக்கொண்டே தேய்த்து, நீலத்தைத் தாண்டி பைபர் வரைக்கும் போய்விட்டார். அதற்கு ஜெல்கோட் வாங்கி, நிறம் கலந்து, ஹார்ட்னர் விட்டுப் பூசவேண்டிவந்தது. காற்றுப் பட்டால் அதன் மேற்பக்கம் பிசுபிசுப்பாகவே நிற்கும். மேலே ஏதாவது மூடவேண்டும். கலாசாலைக் காலத்து ஓஎச்பி தாள் ஒன்று வீட்டிலிருந்தது. ஒளிக்கற்கை முறிவு வரைந்த தாள். அதை ஒட்டி மூடினோம். நன்றாகக் காய்ந்தது. அந்தத் தாள் பயன்பட்ட ஒரே நாள் அதுதான்.

கொம்பவுண்ட் போட வாகனம் பெயின்ற் பண்ணுகிற கராஜில் பொலிஷ் மெசினை இரவல் வாங்கினோம். ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூட்டில் கருகும். இரண்டடிக்கு இரண்டடி, அதுவும் நிழலில்தான். எட்டாம் நாள் அஸருக்குப் பிறகு முதல் துண்டைத் துடைத்தபோது தம்பியின் முகம் உள்ளே தெரிந்தது. மூன்று பேரும் பேசாமல் நின்றோம். இருபது வருஷம் மாவுக்குக் கீழே இருந்திருக்கிறது.

பிரச்சினை ஒன்பதாம் நாள் வந்தது. இஞ்சின் பூட்டுகிற பின்பலகையில் மயிரளவு வெடிப்பு. மா படிந்திருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. வாப்பா கதிரையிலிருந்து எழுந்து வந்து, சல்லிக்குற்றி ஒன்றால் பக்கத்தைத் தட்டினார். டிக், டிக். வெடிப்புக்குப் பக்கத்தில் தட்டினார். பொத். ஆணித் துளையால் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கிற பிளைவுட் ஊறியிருக்கிறது.

காக்கா சொன்னார்: "கொம்பவுண்ட் போட்டா வெடிப்பு மறைஞ்சிடும். பாத்து வாங்கிறது வாங்கிறவன்ட வேல."

"மறையும்தான்," என்றார் வாப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

நாங்களும் சொல்லவில்லை. கூரை ஒழுகுவது எங்களுக்கும்தான். இரவு ஒருவரும் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

வாங்க வந்தவன் பொடியன், போன வருஷம்தான் கல்யாணம் முடித்தவன். போட்டைச் சுற்றி வந்தான், தடவிப் பார்த்தான், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கேட்ட விலையை அப்படியே ஒத்துக்கொண்டான். காக்கா எங்களைப் பார்த்தார். வாப்பா சேர்ட் பொக்கட்டிலிருந்து சல்லியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "மனே, பின்னுக்குப் போய்த் தட்டிப் பாரு."

தட்டினான். திரும்பத் தட்டினான். "யோசிச்சிட்டு வாறன்" என்று போனவன் ஒரு கிழமையாக வரவில்லை. காக்கா இரண்டு நாள் வாப்பாவோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் பைபர் வேலை செய்கிற ஒருவரோடு வந்தான். விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் குறைத்தான். ஒத்துக்கொண்டோம். அங்கேயே பின்பலகையை வெட்டித் திறந்தார்கள். பிளைவுட், தேத்தண்ணியில் ஊறின ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தது. காக்கா ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பார்த்தார், கறுத்த தண்ணீர் வடிந்தது.

"எத்தின குதிர இஞ்சின் பூட்டப்போறாய்?" என்று பொடியனிடம் கேட்டார்.

"இருவத்தஞ்சி காக்கா."

காக்கா துண்டை மணலில் போட்டுவிட்டு அலைக்குள் இறங்கிக் கையைக் கழுவினார். வந்து, மரம் தூக்கிவைக்கிற வேலையில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

கூரையில் முன்பக்கம் மட்டும் மாற்றியிருக்கிறோம். பின்பக்கத்தை வாடைக்கு முன்னம் பார்க்கவேண்டும். பொடியனுக்கு ஒரு வெக்ஸ் டின்னும் கொடுத்துவிட்டோம், மூன்று மாதத்துக்கு ஒருதரம் பூசச் சொல்லி. பூசுகிறானா என்று வாப்பா பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முழங்கால் ஏலாது என்று சொன்ன மனிசன்.