வராதவரைத் தேடும் குரல்

எமது பாட்டியாருக்கு உயர் குருதி அமுக்கம் இருப்பதைக் கிளினிக்கிற் கண்டறிந்து குளிசை கொடுத்தார்கள். இரண்டு மாதம் தவறாது விழுங்கினார். மூன்றாம் மாதம், "எனக்கொரு வருத்தமுமில்லை, பிறகேன் மோனை குளிசை?" என்று நிறுத்திவிட்டார். நாமும் பேசாதிருந்தோம். ஒருநாட் காலை பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் ஒருங்கே பறித்துக்கொண்டது.

இந்நோயின் கொடுமை அதுதான். 140க்கு 90 என்னும் எல்லையைத் தாண்டியும் பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டாது.

அவருடைய கிளினிக் கொப்பி தலையணையின் கீழே கிடந்தது. கொப்பி நோயாளியின் வீட்டிலிருந்தால், வராதவர் யாரென்று தாதி எவ்வாறு அறிவார்?

இந்தியாவில் 2017இல் ஆரம்பமான உயர் குருதி அமுக்கக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலே, கிராமத் தாதியர் 'சிம்பிள்' என்னும் செயலியைக் கைத்தொலைபேசியிற் பயன்படுத்தலாயினர். நோயாளியின் அட்டையிலுள்ள குறியீட்டைப் படம்பிடித்ததும் பழைய அளவுகள் திரையிலே தோன்றும். புதிய அளவை விரைவிற் பதியலாம். இணையத் தொடர்பு அறுந்தாலும் வேலை நில்லாது. எல்லாவற்றினும் மேலாக, தவணைக்கு வராதோரின் பட்டியலை அதுவே எடுத்துக் கொடுக்கும். தாதி அதனைப் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பார்.

கருவி எவரையும் குணப்படுத்திவிடாது; நோயைக் கட்டுப்படுத்துவது நாள்தோறும் விழுங்கும் குளிசையே. ஆயினும், "ஏனம்மா வரவில்லை?" என்று கேட்கும் குரலுக்கு அது வழிகாட்டுகின்றது.

உங்கள் வீட்டு முதியவரிடம் அடுத்த தவணை என்றைக்கென்று இன்றே கேளுங்கள். அந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறினோம்.