பொன் கழற்றிய காது

மதுரையில் வைகையின் தென்கரையை ஒட்டிய சிம்மக்கல்லுக்கு அப்பெயரைத் தந்தது கல்லில் வடித்த ஒரு சிங்கம். அதற்குச் சற்றுத் தள்ளியுள்ள யானைக்கல்லுக்குப் பெயர் தந்தது ஒரு கல் யானை. இவ்விரண்டையும் பௌத்தத்தோடு முடிச்சுப் போடச் சான்று ஏதும் இல்லை. ஆயினும், சிலையே தெருவுக்கும் பேட்டைக்கும் பெயராகிவிட்ட ஓர் ஊரில், ஒரு சிற்பம் எதைச் சொல்ல வடிக்கப்பட்டது, அதைக் காண்போர் எதுவாகக் கொள்கிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பே. பௌத்தச் சிற்பக்கலையில் யானையும் சிங்கமும் தொடக்கத்திலிருந்தே பொருள் சுமந்த உருவங்கள். மாயாதேவியின் கனவில் வந்த வெள்ளை யானை, புத்தர் கருவில் தங்கியதைக் குறிப்பது. சிங்கமோ அவரையே குறிப்பது. சாக்கியர் குலத்தில் பிறந்த சிங்கம் என்னும் பொருளில் அவர் ‘சாக்கியசிம்மன்’ எனப்பட்டார். அவருடைய அறவுரை ‘சிம்மநாதம்’, அதாவது சிங்க முழக்கம், எனப்பட்டது. அசோகர் சாரநாத்தில் எழுப்பிய தூணின் உச்சியில் நாற்றிசை நோக்கி நிற்கும் சிங்கங்கள்தாம் இன்று சிம்மக்கல் கடைகளில் கைமாறும் ஒவ்வொரு நாணயத்திலும் இருக்கின்றன.

வியப்புக்குரிய செய்தி, பௌத்தம் தோன்றிச் சில நூற்றாண்டுகள் வரை புத்தரின் உடலைச் சிற்பிகள் வடிக்கவில்லை என்பதாகும். பார்குத், சாஞ்சி ஆகிய இடங்களிலும் அமராவதியின் பழைய புடைப்புச் சிற்பங்களிலும் வணங்குவோர் கூட்டம் இருக்கும், மரம் இருக்கும், மரத்தடியில் இருக்கையும் இருக்கும். இருக்கையில் மட்டும் எவரும் இரார். அரசமரம் அவர் பெற்ற ஞானத்தையும், ஆழி என்னும் சக்கரம் அவர் உருட்டிய அறத்தையும், பாதச்சுவடு அவர் நடந்து சென்றதையும் உணர்த்தின. பிறவிச் சுழலிலிருந்து முற்றும் விடுபட்ட ஒருவரை மீண்டும் ஓர் உடலுக்குள் அடைப்பது எப்படி என்ற தயக்கமே இதற்குக் காரணம் என அறிஞர் பலர் கருதுவர். தமிழில் இந்தப் பழைய மரபின் நினைவு மணிமேகலையில் அழியாமல் இருக்கிறது. மணிபல்லவத் தீவில் மணிமேகலை காண்பது புத்தரின் திருவுருவை அன்று, அவருடைய பாதபீடிகையை. அதைத் தொழுதபோதே அவளுக்குத் தன் முற்பிறப்பு விளங்குகிறது. அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார், ‘கூலவாணிகன்’ என்ற அடைமொழி காட்டுவதுபோல, மதுரையில் தானியம் விற்றவர். அக்காப்பியத்தில் வரும் ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருவதும் இந்த மதுரையில்தான்.

பின்னர், குஷாணர் காலத்தை ஒட்டி, வடமேற்கில் காந்தாரத்திலும் தமிழர் வடமதுரை என்று வழங்கிய மதுராவிலும் புத்தர் மனித உருவில் வடிக்கப்பெற்றார். மதுராவின் கட்ரா மேட்டில் கிடைத்த சிற்பம் அவற்றுள் புகழ்பெற்றது: சிங்கங்கள் தாங்கிய இருக்கை, அஞ்சேல் என்று உயர்த்திய வலக்கை, அந்த உள்ளங்கையிலும் உள்ளங்கால்களிலும் ஆழிக் குறி. உடல் வந்தபோது பழைய குறிகள் ஓடிப்போகவில்லை. உடலின் மேலேயே ஏறிக்கொண்டன.

அதன்பின் புத்தர் உருவத்தில் பொருளற்ற உறுப்பு ஒன்றும் இல்லை எனலாம். உச்சியில் புடைத்த ‘உஷ்ணீஷம்’ நிறைஞானத்தின் அடையாளம். புருவ இடையிலுள்ள சுழி ‘ஊர்ணை’ எனப்படும். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள் தியானத்தையும், நிலத்தைத் தொடும் வலக்கை விரல்கள், தவத்தைக் கலைக்க வந்த மாரனை வென்றதற்குப் பூமியைச் சாட்சி அழைத்ததையும் சொல்வன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்துவந்த ஏறத்தாழ 350 செப்புத் திருமேனிகளுள் பலவற்றில் அந்த உச்சிப் புடைப்பின் மேல் தீக்கொழுந்து ஒன்று எழுந்து நிற்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றை அருகிருந்து பார்ப்பவர், சாண் உயரமே உள்ள திருமேனியிலும் அச்சுடரின் நாக்குகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டிய வார்ப்புக் கலைஞரின் கைத்திறத்தைக் கண்டு சற்று நேரம் அசையாமல் நின்றுவிடுவார். ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரை அளித்த மண்ணில், சைவச் சோழரின் காலத்திலேயே, இந்தச் சுடர் ஏற்றப்பட்டது.

இவற்றுள் தமிழருக்கு மிக நெருக்கமானது காது. தோள் தொடும் அளவுக்குத் தொங்கும் காதுமடல், அரசிளங்குமரனாகச் சித்தார்த்தன் கனத்த பொன்னணிகளைப் பூண்டதையும் பின்பு அவற்றைக் கழற்றி எறிந்ததையும் ஒருங்கே காட்டுவது. இதைப் புரிந்துகொள்ள மதுரைச் சீமைக்கு நூலறிவு வேண்டுவதில்லை. பிள்ளைப் பருவத்திலேயே காது வளர்த்து, தண்டட்டியும் பாம்படமும் சுமந்து, முதுமையில் அவற்றைக் கழற்றிவிட்ட பாட்டிமார்களின் வெறுங்காதை இந்தப் பக்கத்துக் கிராமங்கள் நன்கு அறியும். நகை போன பிறகும் நகையின் கனத்தைக் காது மறப்பதில்லை. புத்தரின் காதும் அத்தகையதே. செல்வம் இருந்த இடமும் அது நீங்கிய வெறுமையும் ஒரே மடலில் தெரிகின்றன.

நகருக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் உள்ள ‘செட்டிப்புடவு’ இதற்கு நேர்மாறான வாசிப்புக்குச் சான்று. புடவு என்பது குகை. அங்கே அமர்ந்திருப்பவர் சமணத் தீர்த்தங்கரர். நீண்ட காதைக் கண்ட ஊர்மக்கள் அவரைச் செல்வம் மிகுந்த செட்டியார் எனக் கொண்டதால் இப்பெயர் வந்தது என்பர். துறவைச் சொல்ல நீட்டிய காது செல்வத்தைச் சொல்வதாயிற்று. தீர்த்தங்கரரைப் புத்தர் என மயங்குவோரும் உண்டு. முன்னவர் உடலில் ஆடை இராது, தலைக்குமேல் முக்குடை கவிந்திருக்கும். பின்னவருக்குச் சீவர ஆடையும் உஷ்ணீஷமும் உண்டு. இவ்வளவு எளிய வேறுபாடு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித் தரப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. மலைதோறும் சமணச் சிற்பங்கள் சூழ்ந்த மதுரையில் அந்த வருத்தம் இரட்டிப்பாகிறது.

ஊரார் அறியாமையால் மட்டும் பெயரை மாற்றினர் என்று சொல்வது நியாயமன்று. பெயர் மறந்த சிலையையும் கைவிடாமல் விளக்கேற்றிக் காத்தவர்கள் அவர்களே. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பெற்ற உருவம் புத்தருடையதே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 சூலையில் தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை அளித்த அறிக்கை அதற்கு ஆதாரமாயிற்று: தாமரைப் பீடம், அரைப் பத்மாசனம், சுருள்முடி, உஷ்ணீஷம், நீண்ட காதுமடல். நெற்றிச் சுழி காணப்படவில்லை. உடலிலிருந்து வெட்டுண்ட தலையைப் பிற்காலத்தில் எவரோ சிமெண்டுக் கலவையால் ஒட்டவைத்திருந்தனர். கழுத்தில் அந்தப் பூச்சு. அதற்குக் கீழே, மடியில், தியான முத்திரையில் இரு கைகள்.