மலைநாட்டு மேடுகளும் முதியோர் கால்களும்

கண்டி மாநகரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கைக் கரையிலே அமைந்திருக்கிறது கம்பளை. 14ஆம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு மன்னன் தலைநகராகக் கொண்ட பழம்பதி இது. அயலிலே அம்புளுவாவ மலையும், அதன் உச்சியில் ஓங்கிய வெண்கோபுரமும் காட்சி தருகின்றன. கோபுரத்தின் புறத்தே சுற்றிச் செல்லும் ஒடுங்கிய படிகளில் இளைஞர் ஏறி மகிழ்வர். முதியோர் பலருக்கோ வீட்டு வாசற்படியே மலையாகிவிடுகிறது.

சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலே ஆயுள் முழுவதும் கூடை சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் பலர். உழைத்த உடம்புக்குத் தனியே பயிற்சி எதற்கு என்று அவர்கள் வினவுதல் இயல்பே. உழைப்பு சில தசைகளையும் மூட்டுகளையுமே ஓயாது வருத்துகிறது. முதுமையிலோ கால் தசைகள் மெலிகின்றன. பார்வையும் பாதங்களின் உணர்வும் மங்குகின்றன. ஈரச் சரிவிலே ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம். பின்னர் எழுந்து நடப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். உடலின் சமநிலையைக் காத்து இவ்விடரைக் குறைக்க மென்மையான யோகப் பயிற்சி துணை செய்கிறது.

இப்பயிற்சி மலைநாட்டுக்குப் புதியதன்று. கோவை மாவட்டத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், தம் குருவாகிய ரிஷிகேசம் சிவானந்தரின் பணியை ஏற்று 1953இல் இலங்கைக்கு வந்தார். கண்டியில் தபோவனம் அமைத்து யோகம் பயிற்றினார். 1966இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே அவரிடம் பயின்றவருள் டாக்டர் டீன் ஓர்னிஷ் ஒருவர். எளிய யோகாசனம், தியானம், கொழுப்புக் குறைந்த சைவ உணவு, நடை, புகை விலக்கல் ஆகியவை சேர்ந்தால் இருதய நாள அடைப்புக் குறையக்கூடும் என்பதை அவர்தம் குழுவினர் 1990இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

முதியோர் தலைகீழாக நிற்க வேண்டியதில்லை. உறுதியான நாற்காலி ஒன்று போதும். அதில் அமர்ந்து கணுக்கால்களைச் சுழற்றலாம். மூச்சை உள்ளிழுத்தவாறே கைகளை உயர்த்தி, வெளிவிட்டவாறே தாழ்த்தலாம். பின்னர் நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று, ஒரு காலைச் சிறிது தூக்கிச் சில விநாடிகள் நிற்கலாம். முடிவிலே சாந்தியாசனத்தில் இளைப்பாறலாம். மூச்சை அடக்குதல் கூடாது. வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். எலும்புத் தேய்வுடையோர் ஆழ்ந்து முன்குனிதலையும், கண்ணழுத்த நோயும் இரத்த அழுத்தமும் உடையோர் தலையைத் தாழ்த்தும் நிலைகளையும் தவிர்த்தல் வேண்டும். எவராயினும் முதலில் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குதல் நன்று. உலக சுகாதார நிறுவனமும் முதியோர்க்கு வாரத்தில் 3 நாட்களேனும் சமநிலைப் பயிற்சியை வலியுறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே! காலையில் பாட்டனார் நாற்காலியைப் பற்றி நிற்கும்போது நீங்களும் அருகில் நின்று ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். அவருக்குத் துணையாகும், உங்களுக்கும் பயனாகும்.