காணாமல் போன 211 கிலோ ஏலக்காய்

பொட்டி தட்டுபவர்களுக்கு ஒரு சுகம் உண்டு. பாதிப் பெயரை அடித்தால் போதும், மீதியை எடிட்டரே எழுதிவிடும். மேலே இருக்க வேண்டிய இம்போர்ட் வரியையும் அதுவே சேர்த்துவிடும். அந்தச் சுகம் போடிநாயக்கனூரில் ஒரு பையனைப் படுத்திய பாடுதான் இது.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அப்பாவுக்கு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. காய் எடுக்கும் பெண்கள் விடிகாலையில் ஜீப் பிடித்து, 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவார்கள். எடுத்த பச்சைக்காயை மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடை போடுவார்கள். எல்லாம் நோட்டில்தான்.

"இன்னுமா நோட்டு?" என்று எக்லிப்ஸைத் திறந்தான். ஜாவாவில் ஒரு சின்ன புரோகிராம். அப்பா போனில் எடையைச் சொன்னதும் இவன் ஏற்றுவான். ஏற்றிய நாளும் நேரமும்தான் அந்தப் பதிவுக்கு அடையாளம். ஹேஷ்மேப்பில் அதுவே சாவி. ஒரே ஒரு எடையைப் போட்டுப் பார்த்தான், சரியாக வந்தது. பெருமை தாங்கவில்லை :)

மறுநாள் மத்தியானம் 211 கிலோ. சாயங்காலம் 187 கிலோ. இரண்டையும் ஏற்றினான்.

அதற்கு அடுத்த நாள், ஸ்டோரில் காய்ந்து வந்தது 79 கிலோ என்று அப்பா போன் செய்தார். "பச்சை மொத்தம் 187 கிலோப்பா" என்றான் இவன்.

"என்னடா சொல்ற? அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோன்னுதானே கணக்கு? 187 கிலோவுல எப்படிடா 79 வரும்? மத்தியான எடை எங்க? இதை முதலாளிகிட்ட காட்டியிருந்தா, 211 கிலோவை நான் மறைச்சேன்னுல்ல ஆகியிருக்கும்!"

இவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கூட்டலைப் பார்த்தான். லூப்பைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் தேவையில்லாத ஆணியாகப் பிடுங்கிய பிறகுதான் கண் முதல் வரிக்குப் போனது. ஜாவா.எஸ்க்யூஎல்.டேட்!

ஜாவாவில் டேட் என்ற பெயரில் இரண்டு உண்டு. யூட்டில் டேட்டை எழுத்தாக மாற்றினால் தேதியோடு மணி, நிமிஷம், வினாடி எல்லாம் வரும். எஸ்க்யூஎல் டேட் தேதியை மட்டும் தரும். எடிட்டர் இரண்டையும்தான் காட்டியது. பட்டியலில் மேலே இருந்ததைப் பார்க்காமல் என்டர் தட்டியது இவன். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் ஒரே சாவி ஆகிவிட்டதால், 187 வந்து 211-ஐ அழித்துவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

இம்போர்ட் வரியை மாற்றினான். நேரத்தைச் சாவியாக வைத்ததே தப்பு என்றும் உறைத்தது. லிஸ்டுக்கு மாறலாம் என்று அடித்தால், இந்த முறை எடிட்டர் ஜாவா.ஏடபிள்யூடி.லிஸ்டைக் கொண்டு வந்தது! அது 1996-ல் ஜாவாவோடு பிறந்த, திரையில் பட்டியல் காட்டும் பெட்டி. இவனுக்கு வேண்டிய யூட்டில் லிஸ்ட் 1998-ல் வந்தது. ஆனால் இந்தத் தப்புக்கு உடனே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. கத்துகிற தப்பு எவ்வளவோ தேவலை. பயப்பட வேண்டியது கம்மென்று இருக்கும் தப்புக்குத்தான்.

நீங்களும் எக்லிப்ஸ்காரர் என்றால், பிரிஃபரன்சஸில் ஜாவா, அப்பியரன்ஸ், டைப் ஃபில்டர்ஸ் என்று போய் ஜாவா.ஏடபிள்யூடி.* என்று சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயர்கள் பரிந்துரையில் வராது. டேட்டாபேஸ் வேலை இல்லாதவர்கள் ஜாவா.எஸ்க்யூஎல்.*-ஐயும் சேர்க்கலாம். அப்புறமும் என்டர் தட்டுவதற்கு முன்னால் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பேக்கேஜ் என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இப்போது புரோகிராம் சரியாக ஓடுகிறது. அப்பா தினமும் போனில் எடை சொல்கிறார். சொல்லிவிட்டு நோட்டிலும் எழுதிக்கொள்கிறார். இவனும் "எதுக்குப்பா நோட்டு?" என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.