நாமும் ஒரு கார் வாங்கினோம்

கார் வாங்குவது குற்றமன்று. ஆயினும் அதனை வாங்கிய நாள் முதலாக ஏதோ குற்றம் புரிந்தவர் போன்ற மனநிலையிலேயே நாம் இருந்து வருகிறோம். "வகுப்பறையிலை வர்க்கம் படிப்பிச்சவர் இப்ப கண்ணாடியை ஏத்திவிட்டுப் போறார்" என்று ஆசிரியர் அறையில் எழுந்த பகிடி எமது காதிலும் விழுந்தது. அப்பகிடிக்கு மறுமொழி கூறும் பொருட்டு இதனை எழுதவில்லை. நாம் மறுமொழி கூறக் கடமைப்பட்ட மனிதர் வேறொருவர். அவரோ எம்மிடம் எதுவும் கேட்கவில்லை.

எமது தாயாரின் சிறுநீரகங்கள் 2021ஆம் ஆண்டில் செயலிழந்தன. அன்று தொட்டு வாரத்தில் இரு நாட்கள், செவ்வாயும் சனியும், நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் குருதிச் சுத்திகரிப்புக்காக அவர் செல்ல வேண்டியவரானார். போக ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர், வரப் பத்துக் கிலோமீற்றர், நடுவே நான்கு மணிநேரம் இயந்திரத்தோடு படுக்கை. இந்தப் பயணங்களையெல்லாம் அவர் செய்தது எமது ஒழுங்கையில் வசிக்கும் ஒருவரின் முச்சக்கர வண்டியில். ஊரார் அவரை 'ஓட்டோ அண்ணை' என்பர். நாமும் 'அண்ணை' என்போம். போர் முடிந்த மறு ஆண்டு வாங்கிய வண்டி அது. தவணைப்பணம் முழுவதையும் கட்டி முடித்துத் தம் சொந்தமாக்கிக் கொண்டவர். தாயாரை இறக்கிவிட்டு வேறு ஓட்டத்துக்குப் போயிருக்கலாம். சுத்திகரிப்பு முடிந்து வெளியே வருபவருக்குத் தலைசுற்றும் என்பதற்காக ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார். காத்து நின்ற நேரத்துக்கு அவர் ஒருபோதும் கூலி கேட்டதில்லை.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள், பாடசாலைகளை மூடினார்கள். ஆசிரியராகிய நாம் வீட்டிலிருந்து நூல்கள் வாசித்தோம். அண்ணையோ எரிபொருள் நிலைய வரிசையில் இரண்டு இரவுகள் தம் வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். மூன்றாம் நாட் காலை கிடைத்த பெற்றோலோடு நேரே எமது படலைக்கு வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. "அம்மாவை வெளிக்கிடச் சொல்லுங்கோ, தம்பி" என்றார். முகங்கூடக் கழுவியிருக்கவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில் நாடெங்கும் கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். காரின் இயந்திரம் பெரிது. அதற்குக் கூடுதலாக வேண்டும் என்பது மெய்யே. ஆனால் ஐந்து லீற்றரில் ஒரு குடும்பத்தின் ஏழு நாள் உலையும் எரிய வேண்டும் என்பதை அந்தக் கணக்கு அறியவில்லை. பங்கீடு இயந்திரத்தின் பசியைப் பார்த்துச் செய்யப்பட்டது. மனிதரின் பசியைப் பார்த்தன்று. அப்போது இக்கருத்தை மாணவர் முன்னிலையில் உரத்துச் சொன்னோம். அந்த 20 லீற்றர்க்காரர் நிரையில் நாமும் ஒருநாள் சேர்வோமென்று அன்று நினைத்தோமில்லை.

சென்ற சில ஆண்டுகளில் தாயார் மேலும் தளர்ந்தார். சுத்திகரிப்பின் பின் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். நிமிர்ந்து உட்கார முடியாது. முச்சக்கர வண்டியின் குலுக்கலில் அவர் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்மூடி வருவதைக் கண்டபோது, சாய்ந்து படுத்து வரக்கூடிய ஒரு வாகனம் வேண்டுமென முடிவு செய்தோம். வாகன இறக்குமதியோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பழைய கார்களுக்கு வைத்ததே விலையாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. நாம் மார்ச் மாதத்தில் ஒரு விற்பனை நிலையத்திற்குச் சென்று, ஆயிரம் சீசீக்கு மேற்படாத சிறிய கார் ஒன்றுக்கு முற்பணம் கட்டினோம்.

அதன் விலையை இங்கு எழுதக் கை கூசுகின்றது. சுங்கத் தீர்வை, அதற்கு மேல்வரி, உற்பத்தி வரி, இவற்றையெல்லாம் கூட்டிய தொகைமேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. கடனில் மூழ்கிய அரசு தன் கடனைத் தீர்க்க மக்களின் தேவைகள் மேல் கையை வைக்கிறது. பட்டதாரி ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சதமேனும் செலவழியாது எட்டு ஆண்டுகள் சேர்த்தால் அக்காரை வாங்கலாம். நாம் வாங்கியது எவ்வாறெனில், கனடாவில் இரண்டு வேலை பார்க்கும் தமையனார் அனுப்பிய பணத்தாலும், தாயாரின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளாலும், ஐந்து வருட லீசிங்காலும். பதினேழு இடங்களில் கையெழுத்திட்டோம். சங்கப் பாடலில் ஒரு சொல்லுக்கு மூன்று உரைகளை ஒப்புநோக்கும் நாம், அந்தப் பத்திரத்தின் ஒரு பக்கத்தையேனும் முழுதாக வாசிக்கவில்லை.

மூன்று மாதத்தில் வருமென்ற கார் ஏழு மாதமாகியும் வரவில்லை. கப்பல் வரவில்லை என்றார்கள். பின்னர் அம்பாந்தோட்டையில் இறங்கிவிட்டது என்றார்கள். சுங்கத்தில் நிற்கிறது என்றார்கள். நாம் தொலைபேசியில் எரிந்து விழுந்தோம். அந்த ஏழு மாதமும் செவ்வாயும் சனியும் அண்ணையே தாயாரைக் கொண்டு போய்க் கொண்டு வந்தார். "கார் எப்ப வருதாம், தம்பி?" என்று அவரே விசாரிப்பார். தம் உழைப்பின் ஒரு பகுதியைக் கொண்டுபோகப் போகும் பொருளின் வரவை இவ்வளவு பரிவோடு ஒரு மனிதர் விசாரிக்க முடியுமென்பதை, அப்போது நாம் ஒரு கணமேனும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. எமது காத்திருப்பில் எமக்கிருந்த நோவு அவ்வளவு பெரிதாய்த் தோன்றியது.

ஒக்டோபரில் ஒருநாள் அழைப்பு வந்தது. அனுமதிப்பத்திரம் இருந்ததேயன்றிக் கார் ஓட்டிய பழக்கம் எமக்குக் குறைவு. ஆதலால் அண்ணையைத் துணைக்கு வரும்படி கேட்டோம். அவர் வெள்ளைச் சேட்டு அணிந்து வந்தார். அவரது முச்சக்கர வண்டியிலேயே சென்று, அதனை விற்பனை நிலையத்தின் வீதியோரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே புகுந்தோம்.

குளிரூட்டிய மண்டபம். நடுவில் செம்பட்டு போர்த்திய கார். எம்மை வரவேற்ற இளைஞன் எமது பழைய மாணவன். கதிரை போட்டான்; குளிர்பானம் ஒன்று கொண்டுவந்தான். ஒன்றே ஒன்று. பின்னர், சுவரோரமாக நின்ற அண்ணையைச் சுட்டி, "இவர் உங்கடை டிரைவரோ, சேர்?" என்று கேட்டான்.

வாசகர்களே, அந்த வினாவுக்கு விடையளிக்க எமக்கு ஒரு கணம் பிடித்தது. அயலவர் என்று சொல்லியிருக்கலாம். எமது தாயாரை நான்கு ஆண்டுகளாக உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவரல்லர் நாம். சொல்லை விற்றே வயிறு வளர்ப்பவர். ஆயினும் அந்த மண்டபத்தின் பளபளப்பில், வாங்க வந்தவர் என்ற மிடுக்கில், நாக்கு எழவில்லை. எமது தயக்கத்தைக் கண்ட அண்ணையே, "ஓம் தம்பி" என்று அவனுக்குப் பதில் சொன்னார். அதன் பின் அங்கிருந்து வெளியேறும் வரை எம்மைத் 'தம்பி' என்று அவர் அழைக்கவில்லை; 'சேர்' என்றே அழைத்தார்.

பட்டுத்துணியை விலக்கினார்கள். அட்டையில் செய்த பெரியதொரு திறப்பை எமது கையில் தந்து படம் பிடித்தார்கள். அண்ணை தாமாகவே படத்துக்கு வெளியே விலகி நின்றார். பிறகு எவரும் சொல்லாமலே முன்மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தார்; குனிந்து கீழே நோக்கினார்; பின்புறம் சென்று மேலதிகச் சில்லை அமுக்கிப் பார்த்து, "சேர், இதுக்குக் காத்து இல்லை; ஜாக்கும் காணேல்லை" என்றார். நாமோ எல்லாம் சரியென்று ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தோம். அவர் சொன்ன பின்னரே ஜாக்கியைத் தேடி எடுத்து வந்தார்கள். அங்கிருந்தவர்களுள் காரை அறிந்தவர் அவர் ஒருவரே. கதிரை கிடைக்காதவரும் அவர் ஒருவரே.

ஓட்டோவைப் பிறகு வந்து எடுப்பதாகக் கூறி, எமது அருகில் அமர்ந்து வந்தார். கோப்பாய் தாண்டும் வரை நாம் பேசவில்லை. பின்னர், "அண்ணை, அங்கை நான் சொல்லியிருக்க வேணும்" என்றோம். அவர் வீதியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "ஓட்டோக்காரன் எண்டால் 'வெளியிலை நில்லுங்கோ' எண்டிருப்பான். டிரைவர் எண்டபடியாலை உள்ளுக்கை நிண்டனான். கியரை மாத்துங்கோ, தம்பி" என்றார்.

தாயாரின் விருப்பப்படி பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினோம். சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தவரும் அண்ணையே. பகுத்தறிவு பேசும் நாம் தேங்காயை உடைத்தோம்.

அன்றிரவு ஒரு 'நியாயமான' ஏற்பாட்டோடு அவரிடம் சென்றோம். சனிக்கிழமைகளில் நாமே தாயாரைக் கொண்டு செல்வோம். செவ்வாய்க்கிழமை எமக்குப் பாடசாலை. ஆகவே அன்று காரை அவர் ஓட்டட்டும். அதற்கென மாதச் சம்பளம் தருவோம். சனிக்கிழமை இழப்பையும் அது ஓரளவு ஈடுசெய்யும் என்றோம். மனத்துக்குள் எம்மையே மெச்சிக்கொண்டோம்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "சம்பளம் வேண்டாம், தம்பி. சம்பளம் எண்டால் நீங்கள் கூப்பிட்ட நேரம் நான் வரவேணும். செவ்வாய்க்கிழமை காரை ஓட்டுறன். அம்மா சாய்ஞ்சு வரலாம். ஓட்டோக் கூலி எவ்வளவோ அவ்வளவைத் தாங்கோ. எனக்கு ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுவன்."

கூலி உழைப்புக்கும் சுயாதீனமான தொழிலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பட்டப்படிப்புக் காலத்தில் கருத்தரங்குகளில் விவாதித்திருக்கிறோம். அதன் பொருளை அன்றுதான் ஒரு மண்திண்ணையில் இருந்து கேட்டோம். ஈகை என்று எண்ணிக்கொண்டு நாம் நீட்டியது, தம் வண்டிக்குத் தாமே எசமானராயிருந்த ஒருவரை எமது ஊழியராக்கும் பத்திரத்தை.

சில வாரங்களின் பின் தாயார் ஒரு செய்தி சொன்னார். சனிக்கிழமைக் காசு, உயர்தர வகுப்பில் கணிதம் கற்கும் அண்ணையின் மகளது ரியூசனுக்காக ஒதுக்கப்பட்டிருந்ததாம். எமக்கு அதனை ஈடுசெய்யும் வழி தெரியவில்லை. பணமாகக் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். இலவசமாகப் படிப்பிக்கலாமென்றால், அப்பிள்ளை கற்பது கணிதம். நாம் அறிந்தது தமிழ்.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1958 ஜனவரி முதலாம் நாள் இந்நாட்டின் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. பயணம் என்பது இலாபத்துக்குரிய சரக்கன்று, மக்களின் உரிமை என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. எழுபதுகளின் இறுதியில் மீண்டும் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். இன்று பருத்தித்துறை வீதியில் ஓடும் பஸ்ஸில், நான்கு மணிநேரம் குருதி சுத்திகரித்த ஒரு மூதாட்டி ஏறி அமர்ந்து வருதல் இயலாது. நோயாளரை வீடு சேர்க்கும் பொது ஏற்பாடொன்று இருந்திருப்பின், எமக்குக் காரும் வேண்டியதில்லை. தமையனார் இரண்டாவது வேலை பார்க்க வேண்டியதுமில்லை. பொதுவில் தீராத குறையை ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்க்க முனையும்போது, ஒருவரின் தீர்வு இன்னொருவரின் இழப்பாகின்றது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அதன் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த மண்டபத்தில் ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டது சமூக அமைப்பன்று, நாமே.

கடந்த வாரம் அந்தப் பழைய மாணவனை நகரில் சந்தித்தோம். "கார் எப்பிடி, சேர்?" என்றான். "நல்லாய் ஓடுது. அண்டைக்கு என்னோடை வந்தவர் என்ரை டிரைவர் இல்லை. எங்கடை ஊர் அண்ணை. அவர் இல்லாட்டில் என்ரை அம்மா இண்டைக்கு இல்லை" என்றோம். அவன் எதுவும் விளங்காதவனாய்த் தலையசைத்தான். காலந்தாழ்ந்து சொன்ன விடைக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

இன்று செவ்வாய்க்கிழமை. இதனை எழுதும்போது, எமது வீட்டு மாமரத்தின் கீழ் அண்ணையின் ஓட்டோ நிற்கின்றது. அவர் தாயாரோடு காரில் போயிருக்கிறார்.